கரன்ட் வந்துவிட்டது, சர்வர் வரவில்லை: மலைவீட்டு சர்வருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கோத்தகிரியில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு கணினியான ஒரு ராஸ்பெர்ரி பை 4-உம் ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசியும் இருக்கின்றன. வீட்டு ஆட்களின் போட்டோ, நிலப் பத்திரத்தின் ஸ்கேன், அப்பா ஃபேக்டரிக்குத் தேயிலை போட்ட கணக்கு, எல்லோருடைய பாஸ்வேர்டும் என்று சகலமும் இந்த வீட்டு சர்வரில்தான். எங்கள் வீட்டுக் குழந்தையின் முகத்தை எந்தக் கம்பெனியின் கணினியும் அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தது, அப்படியே வளர்ந்துவிட்டது. குன்னூரில் அக்கா வீட்டிலும் இதேபோல் ஒரு பெட்டி ஓடுகிறது, அது மக்கர் செய்தால் ஃபோன் எனக்குத்தான் வரும்.

ஃபோனில் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான். முதலில் கரன்ட், அப்புறம் மோடத்து விளக்கு, அப்புறம் கடிகாரம், அப்புறம் டிஸ்க், கடைசியில்தான் சாஃப்ட்வேர். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டு நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இழந்திருக்கிறேன்: ஃபைல், போட்டோ சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட் சாஃப்ட்வேரை இரண்டு முறை அழித்துத் திரும்பப் போட்ட பிறகு பார்த்தால், குற்றவாளி அடாப்டர் ஒயர்.

கரன்ட் வந்துவிட்டது, சர்வர் மட்டும் வரவில்லை

மலையில் இதுதான் அடிக்கடி வருவது. காற்றடித்தால் எங்காவது ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ லைன் மேல் சாய்ந்துவிடும், ராத்திரி போன கரன்ட் விடியற்காலை வரும், மற்றதெல்லாம் உயிர் பெறும், மினி பிசி மட்டும் கல்லாகக் கிடக்கும். பெட்டி கெட்டுப்போகவில்லை. கணினி எழும்பும்போதே கீ அழுத்தி நுழையும் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' அல்லது 'ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், அதைத் தேடி 'பவர் ஆன்' என்று மாற்றிவிடுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' என்றும் ஒன்று இருக்கும், அதுவும் பரவாயில்லைதான், ஆனால் நீங்களே முறையாக அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தால் அது அணைந்தபடியே இருக்கும், அங்கிருந்து எழுப்ப முடியாது.

பழைய லேப்டாப்பை சர்வராக வைத்திருப்பவர்களுக்கு பேட்டரியே யூபிஎஸ், அது வசதி. மூடியைச் சாத்தியதும் தூங்கிவிட்டால் 'லாகின்டி டாட் கான்ஃப்' ஃபைலில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்பதை 'இக்னோர்' ஆக்குங்கள். டச்பேட் மேலே எழும்பி வருகிற மாதிரி தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

ராஸ்பெர்ரி பை என்றால் சந்தேகம் முதலில் அடாப்டர் மேல். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய ஃபோன் சார்ஜரும் மெல்லிசு கேபிளும் சேர்ந்தால் எழும்பும், ஓடும், ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் விழுந்துவிடும். டெர்மினலில் 'விசிஜென்சிஎம்டி' அடித்து, இடைவெளி விட்டு 'கெட் அண்டர்ஸ்கோர் த்ராட்டில்டு' என்று அடியுங்கள். வெறும் 0 வந்தால் சுத்தம். 50000 என்று முடிந்தால் கடைசியாக எழும்பியதற்கு அப்புறம் எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிஷமே இறங்கித்தான் இருக்கிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், நீங்கள் கேட்டால்தான் சொல்லும்.

இன்வெர்ட்டர் வைத்திருந்தும் கரன்ட் போகும்போதெல்லாம் சர்வர் ரீஸ்டார்ட் ஆனால், இன்வெர்ட்டரின் பின்னால் 'யூபிஎஸ்' என்றும் 'நார்மல்' என்றும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் ஃபேனுக்கு உறைக்காது, கணினி மட்டும் செத்துவிடும். யூபிஎஸ்ஸில் போட்டால் சரியாகும். ஆனால் இங்கே ஒரு மலைக் கோளாறு உண்டு. யூபிஎஸ் நிலையில் மெயின் வோல்டேஜ் ஏறக்குறைய 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும், சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே கீசரும் ஹீட்டரும் போட்டால் எங்கள் பக்கம் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும், அப்புறம் கரன்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். நான் சர்வருக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிட்டு, இன்வெர்ட்டரை நார்மலில் விட்டுவிட்டேன். மோடத்துக்கும் ரௌட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். அதிலுள்ள யூஎஸ்பி ஓட்டையில் பை-யை மட்டும் சொருகாதீர்கள், அது பெரும்பாலும் 2 ஆம்பியருக்கு மேல் தராது.

எல்லா விளக்கும் எரிகிறது, நெட் இல்லை

மோடத்தில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். சர்வரைத் தொடவே வேண்டாம், லைன் பார்க்கும் தம்பிக்கு ஃபோன் போடுங்கள். குரங்கு தொங்கியிருக்கும், கிளை விழுந்திருக்கும், ஒருமுறை எங்கள் கேபிளைத் தேயிலை ஓரமாக நடந்துபோன காட்டெருமை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அறுந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

சிவப்பு இல்லை, ஆனால் மழை பெய்தால் மட்டும் நெட் விட்டுவிட்டு வருகிறதா? மோடத்தின் பக்கத்துக்குள் போய் 'ஆர்எக்ஸ் பவர்', அதாவது வந்து சேரும் வெளிச்சத்தின் பலம், எவ்வளவு என்று பாருங்கள். -8-க்கும் -27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வெயில் நாளில் -21, நல்ல மழையில் -26 காட்டியது. அந்த இரண்டு எண்ணையும் தேதியோடு எழுதிக் காட்டிய பிறகுதான், 'உங்க வைஃபை ரௌட்டர் பழசு சார்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கம்பத்தில் ஏறி ஜாயின்ட் பெட்டியைத் திறந்து தண்ணீரைக் கொட்டினார்கள்.

வீட்டில் திறக்கிறது, வெளியூரிலிருந்து திறக்கவில்லை

ரௌட்டரின் பக்கத்தில் 'வான் ஐபி' என்று ஒரு எண் இருக்கும், ரௌட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரி அது. அது 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது ஐபியை உங்கள் நெட் கம்பெனி பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தபால்காரருக்கு எஸ்டேட் பெயர் தெரியும், லைன் வீட்டு நம்பர் தெரியாது, கடிதம் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடும், அந்தக் கதைதான். வெளியிலிருந்து வருவதை ரௌட்டர் வழியாக சர்வருக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை விதமாகப் போட்டாலும் வேலை செய்யாது, அதில் ராத்திரியைக் கழிக்காதீர்கள்.

வழிகள் மூன்று. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் ஐபிவி6 இருந்தால், ரௌட்டரின் ஃபயர்வாலில் சர்வருக்கு மட்டும் வழி விட்டு அதிலேயே வரலாம், பார்க்கிற ஃபோனிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போடலாம், பத்து நிமிஷ வேலை. அதுவும் 100-இல் தொடங்கும் எண்ணைத்தான் தரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்றாவது நான் செய்வது: மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (பொது ஐபியோடு எங்கோ ஓடும் வாடகை இயந்திரம்), வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற பூட்டிய குழாய், அதாவது டனல், 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' 25 விநாடி. அந்த 25-ஐப் போட மறந்தால் சும்மா இருக்கும் நேரத்தில் இணைப்பு மூடிக்கொள்ளும், வீட்டிலிருந்து ஏதாவது போனால்தான் மறுபடி திறக்கும்.

அந்தரங்கத்துக்காக சர்வர் வைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, பூட்டு எங்கே திறக்கிறது என்பது. பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் போவதைப் பூட்டித் திறக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழை விபிஎஸ்ஸில் வைத்தால் உங்கள் போட்டோ அந்த வாடகை இயந்திரத்தில் திறந்த நிலையில் கடந்து போகும். கிளவுட்ஃப்ளேர் கம்பெனி தரும் டனலிலும் பூட்டு அவர்களிடம்தான் திறக்கிறது. எச்டிடிபிஎஸ் வரும் 443-ஆம் போர்ட்டை, பூட்டைத் திறக்காமல் அப்படியே டனலுக்குள் தள்ளிவிட்டு, சான்றிதழை வீட்டு சர்வரில் வையுங்கள். விபிஎஸ் இந்தியாவில் எடுத்தால் 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி வாடிக்கையாளரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் அவர்கள் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். எனக்கு அது பிரச்சினையில்லை, பில்லில் என் பெயர் இருக்கட்டும், உள்ளே இருப்பது தெரியாமல் இருந்தால் போதும்.

கரன்ட் வந்து அரை மணி நேரம் டனல் வரவில்லை, அப்புறம் தானாக வந்தது

தானாக வந்ததால் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். நானும் ஐப்பசி முழுக்க விட்டேன். இது கடிகாரக் கோளாறு.

பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. மணிக்கு ஒருமுறை நேரத்தை ஒரு ஃபைலில் குறித்து வைக்கும், மறுபடி எழும்பும்போது அந்த ஃபைலில் இருந்த நேரத்தையே இப்போதைய நேரம் என்று நம்பும். அன்றைக்கு சாயங்காலம் 6.50-க்குக் கரன்ட் போனது. கடைசியாகக் குறித்தது 6.17. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிய பை, மணி 6.17 என்று நினைத்துக்கொண்டு விபிஎஸ்ஸுக்கு வயர்கார்டு கைகுலுக்கல் அனுப்புகிறது. வயர்கார்டில் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை இருக்கும். பழைய பொட்டலத்தை யாராவது பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, கடைசியாகப் பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால் மறுமுனை சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடும். விபிஎஸ் கடைசியாகப் பார்த்தது 6.49. ஆக, பை-யின் பொய்க் கடிகாரம் 6.17-இலிருந்து 6.49-ஐத் தாண்டும் வரை, அந்த அரை மணி நேரம், டனல் வராது. தாண்டியதும் வந்துவிடும்.

இணைய நேரத்தைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாமே என்றால், நான் எல்லாப் போக்குவரத்தையும் டனல் வழியாகவே விட்டிருந்தேன், நேரம் கேட்கும் கேள்வியும் அதே டனலுக்குள் போய் மாட்டிக்கொண்டது. டனல் வர நேரம் சரியாக வேண்டும், நேரம் சரியாக டனல் வர வேண்டும்.

உங்களுக்கும் இதுதானா என்று பார்க்க, சர்வர் எழும்பியவுடன் 'டேட்' என்று அடியுங்கள். நேரம் பின்னால் இருந்தால் இதேதான். டிஎஸ்3231 என்ற சின்ன கடிகார மாட்யூல் வாங்கி பின்களில் சொருகிவிட்டால் தீர்ந்தது. பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். செலவில்லாத வழி, நேரம் கேட்கும் சர்வரின் முகவரியை மட்டும் டனலுக்கு வெளியே விடுவது. மினி பிசியில் இதே கூத்து நடந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கும்.

சர்வர் பல நாள் அணைந்து கிடந்து எழும்பும்போது பெயர்களே தேடிக் கிடைக்கவில்லை என்றால் அதுவும் இதன் உறவுதான். டிஎன்எஸ் என்பது தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் வேலை. வீட்டுக்கு அதைச் செய்து விளம்பரத் தளங்களைத் தடுக்கும் பை-ஹோலில், பதிலின் கையெழுத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால், தப்பான கடிகாரத்தை வைத்துப் பார்த்து எல்லாக் கையெழுத்தும் செல்லாது என்று தள்ளிவிடும், நேர சர்வரின் பெயரையும் சேர்த்து. கடிகாரத்தைக் கையால் ஒருமுறை திருத்தினால் எல்லாம் ஓட ஆரம்பிக்கும்.

வெளியே திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை

சில ரௌட்டர்களுக்கு வெளியே போய் அதே வாசல் வழியாகத் திரும்பி உள்ளே வரத் தெரியாது. பை-ஹோலிலோ அதே வேலை செய்யும் ஆட்கார்டு ஹோமிலோ உங்கள் டொமைன் பெயருக்கு சர்வரின் உள்முகவரியை, அதாவது 192.168-இல் தொடங்குவதை, எழுதிவிடுங்கள். முடிந்தது.

போட்டோ எல்லாம் காணோம்

'டேய், பாப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லடா, நேத்து எடுத்தது மட்டும்தான் இருக்கு' என்று அக்கா காலை ஆறரைக்கு அழுகிற குரலில் பேசினாள். 'அக்கா, எதையும் தொடாத, ஃபோன்ல அந்த ஆப்பை மட்டும் மூடிரு' என்றேன். அதுதான் முதல் படி. எழுதுவதை நிறுத்துங்கள்.

இரண்டாவது படி 'எல்எஸ்பிஎல்கே' அடிப்பது. எந்த டிஸ்க் எங்கே மாட்டியிருக்கிறது என்று மரம் மாதிரி காட்டும். அக்கா வீட்டில் 2 டிபி டிஸ்க் பட்டியலில் இருந்தது, ஆனால் அதற்கு நேரே மாட்டிய இடம் காலி. ராத்திரி கரன்ட் வந்தபோது டிஸ்க் சுழன்று தயாராவதற்குள் லினக்ஸ் எழும்பிவிட்டது, டிஸ்க் மாட்டப்படவில்லை, ஆனால் மாட்ட வேண்டிய வெறும் ஃபோல்டர் எஸ்டி கார்டில் இருந்தது. அப்போது அவள் வீட்டில் இருந்தது வெறும் சாம்பா ஷேர், அதாவது வீட்டுக்குள் பகிர்ந்த ஒரு ஃபோல்டர். அதற்கு வித்தியாசம் தெரியாது, வெறும் ஃபோல்டரைக் காட்டிவிட்டு, ஃபோனிலிருந்து வந்த புதுப் போட்டோக்களை அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. பழையதெல்லாம் டிஸ்கில் பத்திரமாக இருந்தது.

சரி, மீட்பது எப்படி? சர்வீஸை நிறுத்துங்கள். எஸ்டி கார்டு ஃபோல்டரில் விழுந்த புதுப் படங்களை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், இதை முதலில் செய்யாவிட்டால் டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்ததும் அவை அடியில் மறைந்துபோகும், கார்டில் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் 'மவுன்ட் ஹைஃபன் ஏ', அப்புறம் புதுப் படங்களை டிஸ்கில் சேர்த்துவிட்டு சர்வீஸைக் கிளப்புங்கள்.

மறுபடி வராமல் இருக்க மூன்று வேலை. எந்த டிஸ்கை எங்கே மாட்டுவது என்று எழுதும் 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் டிஸ்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் எழுதாமல் அதன் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி-யால் எழுதுங்கள், சொருகும் வரிசை மாறினால் அந்தப் பெயர் மாறிவிடும். 'நோஃபெயில்' சேர்த்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்பும், சேர்க்காவிட்டால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், மானிட்டர் கீபோர்டு மாட்டாமல் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: டிஸ்கைக் கழற்றிய நிலையில், அந்த வெறும் ஃபோல்டர் மேல் 'சிஹெச்ஏடிடிஆர் ப்ளஸ் ஐ' அடித்துவிடுங்கள். அதற்கப்புறம் டிஸ்க் மாட்டாத நேரத்தில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரே வந்தாலும் அங்கே ஒரு எழுத்து எழுத முடியாது, டிஸ்க் மாட்டியதும் வழக்கம்போல் எழுதும்.

போட்டோவுக்கான இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட், கருவிகளுக்கிடையே ஃபோல்டரை ஒன்றுபோல் வைத்திருக்கும் சிங்திங் மூன்றும் இந்த ஆபத்துக்கு ஆளுக்கொரு அடையாள ஃபைலோ ஃபோல்டரோ வைத்திருக்கின்றன. இம்மிச்சில் 'டாட் இம்மிச்', சிங்திங்கில் 'டாட் எஸ்டிஃபோல்டர்' (டைகரின் டி), நெக்ஸ்ட்கிளவுடில் நெடுங்காலமாக 'டாட் ஓசிடேட்டா'. அது கண்ணில் படவில்லை என்றால் வேலை செய்ய மறுத்துவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்ததும் அதே பெயரில் காலியாக ஒன்றை உருவாக்கி ஏமாற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சிங்திங்கில் அப்படிச் செய்தால் காலி ஃபோல்டரைப் பார்த்து, எல்லாவற்றையும் நீங்கள் அழித்துவிட்டீர்கள் போல என்று நம்பி மற்ற கருவிகளிலும் அழிக்கக் கிளம்பிவிடும். முதலில் 'எல்எஸ்பிஎல்கே'.

டிஸ்க் பட்டியலிலேயே இல்லை என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி கரன்ட் போதவில்லை. பை 4-இன் நான்கு யூஎஸ்பி ஓட்டைக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாக மாட்டுங்கள்.

பார்க்க முடிகிறது, எழுத முடியவில்லை

'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் லினக்ஸ் டிஸ்கில் தப்பைக் கண்டு தானாகவே கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் முதலில் காப்பி எடுங்கள், அப்புறம் தப்பைத் திருத்த 'எஃப்எஸ்சிகே', அப்புறம் டிஸ்கின் உடல்நிலை பார்க்க 'ஸ்மார்ட்சிடிஎல்'. அதில் 5, 197, 198 எண்ணுள்ள வரிகளில் கடைசி எண் 0-வாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப்போகிறது. 199 மட்டும் ஏறினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். எஸ்டி கார்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், திடீர் திடீரென்று கரன்ட் போகிற ஊரில் அது தாங்காது, எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்றால் 'டிஎஃப் ஹைஃபன் ஹெச்'. இடம் நிறைய இருக்கிறது ஆனாலும் அதே செய்தி என்றால் 'டிஎஃப் ஹைஃபன் ஐ', ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் ஐநோடு தீர்ந்திருக்கும், கோடிக்கணக்கில் சின்னச் சின்ன தம்நெயில் சேர்ந்தால் அப்படி ஆகும். வழக்கமான திருடன், சாஃப்ட்வேர்களைத் தனித்தனிப் பெட்டியாக (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரின் லாக். நீங்கள் வரம்பு போடாவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும், 'மேக்ஸ் சைஸ்' 10 எம்பி, 'மேக்ஸ் ஃபைல்' 3 என்று போட்டுவிட்டு கன்டெய்னரைப் புதிதாக உருவாக்குங்கள், பழையதற்கு அது பொருந்தாது. அவசரத்தில் 'டாக்கர் சிஸ்டம் ப்ரூன்' அடிக்கிறவர்கள் கூடவே 'வால்யூம்ஸ்' சேர்த்துவிடாதீர்கள், அந்த நேரம் நின்றுபோயிருக்கிற கன்டெய்னரின் பெயர் வைக்காத வால்யூமில் உள்ள டேட்டாவையும் பெருக்கித் தள்ளிவிடும், பழைய டாக்கர் என்றால் பெயர் வைத்ததையும்.

சின்னப் படம் ஏறுகிறது, வீடியோ பாதியில் நிற்கிறது

உடனே 413 என்ற எண்ணோடு நின்றால், காரணம் முன்னால் நின்று வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ்: அதன் இயல்பான வரம்பு 1 எம்பி, 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்பதை ஏற்றுங்கள். 100 எம்பியில் நின்றால், நடுவில் கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டம் இருக்கிறதா பாருங்கள், அதற்கு அதுதான் உச்சம்.

எந்த எண்ணும் வராமல், பிங் நன்றாக அடிக்க, லாகின் பக்கம் வர, பெரியது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் எம்டியூ, அதாவது ஒரே தடவையில் போகக்கூடிய பொட்டலத்தின் உச்ச அளவு. பொட்டலம் டனலின் வாயைவிடப் பெரிதாக இருக்கிறது, 'சின்னதாகக் கட்டி அனுப்பு' என்று சொல்லும் பதிலை நடுவில் யாரோ தடுக்கிறார்கள். வயர்கார்டின் இயல்பு 1420. உங்கள் ஃபைபர், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ என்றால் வெளிப்பாதையே 1492-தான், அதனால் 1412 போடுங்கள். யோசிக்க நேரமில்லை என்றால் இரண்டு முனையிலும் 1280 போட்டு வீடியோ ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது, அப்புறம் மெதுவாக மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

மே மாதம் மட்டும் ஊட்டி டவுனுக்குள் நின்று பார்த்தால் ஸ்லோ என்றால், சர்வரில் ஒன்றுமில்லை. மலர்க் கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரும் ஒரே டவரில் ரீல்ஸ் ஏற்றுகிறார்கள்.

பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது

'கன்டினியூ' அழுத்துவதற்கு முன் என்ன காரணம் சொல்கிறது என்று படியுங்கள். 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றால் நீங்கள் பார்க்கிற ஃபோன் அல்லது கணினியின் கடிகாரம் பின்னால் இருக்கிறது. 'காலாவதி' என்றால் இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் 90 நாள் முடிந்திருக்கிறது. முன்பு மெயிலில் ஞாபகப்படுத்துவார்கள், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள், நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சிஜிநாட்டுக்குப் பின்னால் 80-ஆம் போர்ட் வழியாக நேரடியாகப் புதுப்பிக்க முடியாது, டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறுங்கள். கோபத்தில் திரும்பத் திரும்பப் புதிதாக வாங்கினால் ஒரே பெயருக்கு வாரத்துக்கு 5 என்ற வரம்பில் மாட்டிக் காத்திருக்க வேண்டிவரும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறும், யாரும் தேடிப் பார்க்கலாம். அம்மாவின் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து சப்டொமைன் வைத்துவிட்டு ரகசியம் என்று நினைத்தால் அது ரகசியம் இல்லை. நட்சத்திரக் குறி போட்ட வைல்ட்கார்டு சான்றிதழ் வாங்கினால் உட்பெயர்கள் வெளியே தெரியாது.

பை-ஹோல் ஓடுகிறது, விளம்பரம் வருகிறது

ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்பதில் ஏதாவது பெயர் கொடுத்திருந்தால் ஃபோன் உங்கள் பை-ஹோலைக் கேட்காது. ஐஃபோனில் 'பிரைவேட் ரிலே'. இரண்டும் இல்லையென்றால் ஐபிவி6: ரௌட்டர் உங்கள் ஐபிவி4-க்குப் பை-ஹோலையும் ஐபிவி6-க்கு நெட் கம்பெனியின் டிஎன்எஸ்ஸையும் ஊட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்று பாதிக் கேள்விகள் அங்கேயே போய்க்கொண்டிருக்கும். விளம்பரத்தைவிட அதுதான் எனக்கு எரிச்சல்.

லாகில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அல்லது வீட்டுக்காரர்களே உள்ளே வர முடியவில்லை

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சின் போர்ட்டான 22-ஐ வெளியே திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே 'ரூட்', 'அட்மின்', 'பை' என்று பெயர் மாற்றி மாற்றித் தட்டுவார்கள். உங்களைக் குறிவைத்து வருவதில்லை, எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிற இயந்திரம். 2022 ஏப்ரலுக்கு முந்தைய பை என்றால் 'பை' பயனரும் 'ராஸ்பெர்ரி' பாஸ்வேர்டும் மாற்றாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்வேர்டு லாகினை அணைத்து கீ மட்டும் வைத்து, எஸ்எஸ்ஹெச்சை டனலுக்குள் மட்டும் விடுங்கள்.

விபிஎஸ் டனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி. வெளியிலிருந்து வரும் எல்லோரும் டனலின் ஒரே உள்முகவரியிலிருந்து வருவதாகச் சர்வருக்குத் தெரியும். எவனோ ஒருவன் தப்பான பாஸ்வேர்டை ஐந்து முறை அடித்தால் தப்பாகத் தட்டுகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் அந்த முகவரியையே தடை செய்யும், அதாவது நம் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும். ப்ராக்ஸி புரோட்டகால் போட்டு உண்மை முகவரியை அனுப்புங்கள், நெக்ஸ்ட்கிளவுடில் 'ட்ரஸ்டெட் ப்ராக்ஸீஸ்' எழுதுங்கள்.

இடி இடித்த பிறகு லான் போர்ட் செத்துவிட்டது

ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கலாம், அது வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நிற்க வேண்டும். பெரும்பாலும் இடி வருவது கரன்ட் லைன் வழியாகவும், வீட்டிலிருந்து கொட்டகைக்கு நாமே இழுத்த செம்பு லான் கேபிள் வழியாகவும்தான். நான் இலைக் கொட்டகை கேமராவுக்கு இழுத்திருந்த 40 மீட்டர் லானில் ஒரு ரௌட்டரும் ஒரு கேமராவும் போயின, இப்போது அந்தத் தூரத்துக்கு ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும்.

உயரத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்குகள் வழக்கமாக 3,048 மீட்டர் வரை ஓடும் என்றுதான் தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். பயப்பட வேண்டியது ஈரம். மூடுபனிக் காலத்தில் அணைத்து வைத்த பெட்டியில் பூஞ்சை பூக்கும், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். குளிரில் கிடந்த டிஸ்கை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுவந்த உடனே போடாதீர்கள், வேர்த்திருக்கும், இரண்டு மணி நேரம் விடுங்கள்.

பேக்கப் தினமும் ஓடுகிறது, திரும்ப எடுத்தால் வரவில்லை

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்திருப்பீர்கள். பாதி எழுதிய நோட்டை போட்டோ எடுத்த மாதிரி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் 'பிஜி டம்ப்' கட்டளையால் முழுப் பிரதி எடுத்து அந்த ஃபைலை பேக்கப்பில் சேருங்கள். இம்மிச்சில் படங்கள் இருந்தும் ஆல்பம், முகம், பெயர் எல்லாம் போய்விட்டது என்பவர்கள் இந்த டம்ப்பை விட்டவர்கள்தான். பேக்கப்பைப் பூட்டி வைக்கும் ரெஸ்டிக் பயன்படுத்துகிறவர்கள் அதன் பாஸ்வேர்டை அதே சர்வரின் பாஸ்வேர்டு பெட்டகத்தில் மட்டும் வைத்திருந்தால், சர்வர் போன அன்றைக்குச் சாவி பூட்டுக்குள்ளேயே இருக்கும். எங்கள் பாஸ்வேர்டு ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரக் கவரில் இருக்கிறது.

எங்கள் பேக்கப் ராத்திரி குன்னூருக்குப் போகும், அக்காவுடையது இங்கே வரும், இரண்டும் பூட்டித்தான். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா ஏதாவது ஒரு தேதி சொல்வாள், நான் அன்றைய படம் ஒன்றை பேக்கப்பிலிருந்து எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். போன மாதம் 2021 தை கேட்டாள், வந்தது, கழுத்து வரை பனிக்குல்லா இழுத்துவிட்டு அப்பா வாசலில் நிற்கிற படம், கொஞ்சம் ஆடியிருந்தது.